டெரியரின் மூக்குக்கு ஒரு வேலை

தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. சட்னிக்காகத் தேங்காயைக் கீறிக்கொண்டிருந்தேன். கத்தி வழுக்கியதில் ஒரு சில்லு தெறித்து, கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் விழுந்தது. எங்கள் நாய் ஒரே பாய்ச்சலில் அங்கே போனாள். சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே மூக்கை நுழைத்தாள். நுழையவில்லை. பக்கவாட்டில் படுத்து ஒரு காலை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. எழுந்து மறுபக்கம் போய் முயன்றாள். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கியது.

கீழ்வீட்டு மிக்ஸி என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. அது ஓடும் வரை குரைப்பாள். நின்ற பிறகும் கோபம் அடங்காமல் கொஞ்ச நேரம் குரைப்பாள். அன்று குரைக்கவில்லை. காதுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. மிக்ஸி ஓடி நின்று, திரும்ப ஓடி நின்றது. வாசலில் ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அதற்கும் ஒன்றுமில்லை. கடைசியில் சில்லை நகத்தால் இழுத்து எடுத்து, கறுமுறுவென்று தின்று முடித்து, சமையலறைத் தரையிலேயே சுருண்டு படுத்துத் தூங்கிப்போனாள்.

நான் பாதித் தேங்காயோடு அப்படியே நின்றேன்.

"அக்கா, இதுக்கு வியாதி ஒண்ணும் இல்லக்கா. இதுக்கு வேலை இல்ல. அவ்வளவுதான் விஷயம்."

அக்கா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வேலை இல்லாம நம்ம குடும்பத்துல நிறைய பேரு இருந்திருக்காங்க. யாரும் குலைக்கல," என்றாள்.

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அந்த வாரம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி, இந்த நாய் எங்களோடு இருக்கப்போகிறாளா இல்லையா என்பது. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அக்காவும் நானும் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அக்காவுக்கு வங்கியில் வேலை. எனக்கு மென்பொருள் சோதிக்கிற வேலை; அடுத்தவர் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று நாள் முழுக்கத் தேடுவது. கீழே வீட்டுக்காரர்கள், ஆன்ட்டியும் அங்கிளும் இரண்டே பேர். பல தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். ஆன்ட்டி ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கினால் பாதி வழியில் கன்னடம் ஏறிக்கொள்ளும், இறங்கும்போது திரும்பத் தமிழாகிவிடும்.

நாய் என் ஆபீஸ் தோழியிடமிருந்து வந்தது. அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. மதியச் சாப்பாட்டு மேசையில், "யாருக்காவது வேணுமா? ஜாக் ரஸ்ஸல் டெரியர். சின்ன சைஸ், ஃபிளாட்டுக்கு அவ்ளோ வசதி," என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. போட்டோவைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு எல்லாமே அப்படித்தான். கையைத் தூக்கிவிட்டு அதன் பிறகு படிக்கத் தொடங்குவேன்.

வந்தவள் என் முழங்காலுக்கும் கீழேதான் இருந்தாள். வெள்ளை உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் டிகாக்ஷன் ஊற்றிவிட்டது போலப் பழுப்பு. முடி தேங்காய் நார் மாதிரி சொரசொரவென்று இருக்கும். முகவாயில் நாலைந்து முடி நீட்டிக்கொண்டு ஒரு தாடி. அவளுக்குப் பழைய வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. அக்கா "குள்ளச்சி" என்றாள். ஆன்ட்டிக்கு அவள் இன்று வரை "உங்க நாயி".

சின்ன நாய் என்றால் சின்ன வேலை என்று நினைத்திருந்தேன். சின்னக் கிண்ணம், சின்ன நடை, சோபாவில் ஒரு சின்ன மூலை. முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு போய்விட்டது. நின்ற இடத்திலிருந்து டைனிங் டேபிள் மேல் ஏறுகிறாள். பக்கத்து ஏரிக்கரையை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால், நான் படியேற மூச்சு வாங்கும்போது அவள் அடுத்த சுற்றுக்கு வாசலில் நிற்கிறாள். மொட்டை மாடியில் ஆன்ட்டி வைத்திருந்த புதினாத் தொட்டியை வேரோடு காலி செய்தாள். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குரல். தெருக்கோடியில் யாராவது கேட் திறந்தால்கூட அறிவிப்பு வந்துவிடும்.

அதன் பிறகுதான் படித்தேன். இந்த இனத்தை இங்கிலாந்தில் நரி வேட்டைக்காக உருவாக்கியிருக்கிறார்கள். வளைக்குள் போய்விட்ட நரியை வெளியே கிளப்புவதுதான் இவர்கள் வேலை. மண்ணுக்கடியில் மனிதன் பின்னால் வர முடியாது. எல்லா முடிவையும் நாயே எடுக்க வேண்டும். தான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று மேலே நிற்பவனுக்குத் தெரியும்படி விடாமல் குரைக்கவும் வேண்டும். குரைக்காத நாயை அந்தக் காலத்தில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். நாங்கள் கெட்ட பழக்கம் என்று திட்டிக்கொண்டிருந்தது அவளுடைய பரம்பரைத் தொழில்.

இதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப நம்ம வீட்டுல நரி இருக்குன்னு நெனச்சிட்டிருக்காளா?" என்றாள்.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த வரை எப்படியோ சமாளித்தேன். பிறகு ஆபீஸில் எல்லோரையும் திரும்ப வரச் சொன்னார்கள். அக்காவும் இல்லை, நானும் இல்லை. பகலெல்லாம் அவள் தனியாக. காலையில் நாங்கள் பூட்டுவது முதல் மாலையில் திறப்பது வரை கொரியர்காரர், மிக்ஸி, தண்ணீர்த் தொட்டி மோட்டார், புறா என்று ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு. ஆன்ட்டி ஒருநாள் படியில் நிறுத்தி, "ஸ்வல்ப, கொஞ்சம் பாத்துக்கோம்மா, மத்தியானம் கண்ண மூட முடியல," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் உடனே தீர்வு கண்டுபிடித்தாக வேண்டும்.

என் மாதிரி வேலையில் இருப்பவர்கள் செய்யக்கூடிய தப்பைத்தான் செய்தேன். ஒரு கேமரா வாங்கினேன். ஆபீஸிலிருந்தே போனில் பார்க்கலாம், அதிலிருக்கும் ஸ்பீக்கர் வழியாகப் பேசலாம். ஹாலில் புத்தக அலமாரியின் மேல்தட்டில், புத்தகங்களுக்குப் பின்னால், அவள் பார்வையில் படாதபடி வைத்தேன். முதல் நாள் அவள் குரைத்ததும், "வேண்டாம் கண்ணா, அமைதி," என்று ஆபீஸிலிருந்து சொன்னேன். குரைப்பு சட்டென்று நின்றது. தலையை ஒருபக்கம் சாய்த்து அலமாரியைப் பார்த்தாள். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் கைகூடத் தட்டினார்.

இரண்டாம் நாள் அவள் யோசித்திருக்க வேண்டும். நான் அலமாரிக்குள் இருக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சத்தம் வந்தால் ஒரு டெரியர் என்ன செய்யும்? அதற்காகத்தானே அவளை உருவாக்கினார்கள். கீழ்த்தட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். அடுத்த தட்டு. பிறகு அலமாரியின் பின்பக்கத்து ப்ளைவுட்டைச் சுரண்டத் தொடங்கினாள். நான் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லச் சொல்ல, நான் எங்கே சிக்கியிருக்கிறேன் என்பது அவளுக்கு இன்னும் தெளிவாகிக்கொண்டே போனது. குரைப்பு உச்சத்துக்குப் போனது. தன்னுடைய வம்சமே செய்தது போல, ஆள் இங்கேதான் இருக்கிறாள், வந்து தோண்டுங்கள் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொறுமை போய், ஆபீஸ் மீட்டிங் அறையில் நின்றுகொண்டு, "வாய மூடு. மூடுன்னு சொல்றேன்ல," என்று கத்தினேன்.

அதே நேரத்தில் ஆன்ட்டி மாடியேறி வந்து எங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். நாய்ச் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை. அவருக்கு என் குரல் நன்றாகவே கேட்டிருக்கிறது.

அன்று மாலை ஆன்ட்டி படிக்குக் கீழே காத்திருந்தார். பக்கத்தில் அங்கிள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல நின்றிருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை.

"ஏம்மா, உள்ளயே இருந்துக்கிட்டு கதவ தொறக்கல. சரி, குளிக்கிறியோ என்னமோன்னு நெனச்சேன். அதுக்காக வாய மூடுன்னா சொல்லுவ?"

கேமராவைப் பற்றி விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே கேவலமாக இருந்தது.

"அப்ப நீ ஆபீஸ்ல நின்னுக்கிட்டு, வீட்டுல இருக்கிற நாயோட சண்ட போட்டியா?"

"ஆமா ஆன்ட்டி."

அங்கிள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆன்ட்டி சிரிக்கவில்லை. என்னைத் திண்டில் உட்கார வைத்து, நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு உன்மேல கோபம் இல்லம்மா. ஆனா என் பொண்ணு டெலிவரிக்கு வரா. சீக்கிரமே வந்துடுவா. பாணந்தி இருக்கிற வீடு. கொழந்த தூங்கணும், அவளும் தூங்கணும். அதுக்குள்ள இந்த சத்தம் நிக்கணும். நிக்கலன்னா நாய்க்கு வேற வீடு பாத்துடுங்க. நீங்க ரெண்டு பேரும் தாராளமா இருங்க. ஆயித்தா, சரியா?"

பிள்ளை பெற்றவளை இந்த ஊரில் பாணந்தி என்பார்கள். அவள் தூக்கத்தைக் காப்பது வீட்டில் எல்லோருக்கும் கடமை. ஆன்ட்டி கேட்டதில் ஒரு துளி அநியாயமும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நியாயமில்லாமல் கேட்டிருந்தால் வாதாடியிருப்பேன். மாடிக்கு வந்தபோது நாய் அலமாரிக்கு முன்னால் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து முகர்ந்தாள்; திரும்ப அலமாரியைப் போய் முகர்ந்தாள்; எப்படி வெளியே வந்தாய் என்று கேட்பது போல இருந்தது. ஏற்கெனவே ஒரு வீடு மாறியவள். மூன்றாவது வீட்டிலும் உருவத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு, குரலைக் கேட்டு வெளியே அனுப்புவார்கள்.

அதற்கடுத்த ஞாயிறுதான் தேங்காய்ச் சில்லு.

அன்று மதியமே வேலையைத் தொடங்கினேன். முதலில் சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்துப் பரணில் போட்டேன். இனிமேல் அவள் சாப்பாடு தேடிக் கண்டுபிடிக்கிற சாப்பாடு. கொரியரில் வந்த அட்டைப்பெட்டிகளில் பழைய செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு, நடுவே அவளுடைய உலர்தீனியைத் தூவினேன். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. பழைய துண்டைச் சுருட்டி மடிப்புக்குள் மடிப்பாக ஒளித்தேன்.

"ஜாப் டிஸ்கிரிப்ஷன் எழுதிட்டியா?" என்றாள் அக்கா. "புரொபேஷன் உண்டா? பி.எஃப் புடிப்பியா?"

முதல் நாள் அவள் பெட்டிகளை நார் நாராகக் கிழித்துப் போட்டாள். ஹாலில் நடக்க இடமில்லை. ஆனால் முடித்ததும் தூங்கினாள். அடுத்த நாள் ஆபீஸ் போவதற்கு முன் வீட்டின் மூன்று மூலையில் ஒளித்து வைத்துவிட்டுப் போனேன். கேமரா அப்படியே இருந்தது. நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். போனில் பார்த்தால், மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் போகிறாள். வாசலில் யாரோ மணி அடித்தபோது தலையைத் தூக்கினாள். கொஞ்சம் யோசித்தாள். திரும்ப மூக்கைத் தரைக்குக் கொண்டுபோனாள். நான் என் இருக்கையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன்.

எல்லாம் இப்படியே நேராகப் போய்விடவில்லை. செருப்பு ஸ்டாண்டின் அடியில் ஒருமுறை ஒளித்தேன். அன்றிலிருந்து செருப்பு ஸ்டாண்ட் சாப்பாடு விளையும் இடம் என்று அவள் முடிவுகட்டி, அக்காவின் புதுச் செருப்பில் ஒன்றைத் தீர ஆராய்ந்துவிட்டாள். அக்கா அந்த ஒற்றைச் செருப்பை என் தலையணைமேல் வைத்துவிட்டு பேங்குக்குப் போனாள். ஒருநாள் நான் டப்பாவின் மூடியை இறுக்கமாக மூடிவிட்டேன். அவளால் திறக்க முடியவில்லை. டப்பாவின் முன்னால் நின்று மதியம் முழுக்கக் குரைத்தாள். அதிலிருந்து கற்றுக்கொண்டது: தேடலுக்கு முடிவு இருக்க வேண்டும். கஷ்டமாக இருக்கலாம், கிடைக்காமல் போகக் கூடாது. சுலபமாகவும் இருக்கக் கூடாது. கண்முன்னால் வைத்தால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அவமானமாக இருக்கும்.

தோண்டும் ஆசைக்கு வேறு வழி வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் உடைந்த துணி துவைக்கும் தொட்டி ஒன்று கிடந்தது. காம்பவுண்டுச் சுவர் கட்டியபோது மிஞ்சிய மணல் வாசலில் மூட்டையாக இருந்தது. இரண்டையும் கேட்டேன். "எடுத்துக்கோங்க," என்றார் ஆன்ட்டி. "என் தொட்டிகிட்ட வரலன்னா நீங்க மேல கெணறே வெட்டிக்கோங்க." மணலுக்குள் வேகவைத்த கேரட் துண்டுகளைப் புதைத்து வைத்தால், பின்னால் மணல் வாரியடிக்கத் தோண்டிக்கொண்டே இருப்பாள். அந்த முகத்தில் அப்படியொரு தீவிரம். அங்கிள் மாலையில் செய்தித்தாளோடு மேலே வந்து நிற்கத் தொடங்கினார். படிப்பது குறைவு.

தினமும் மாலையில் நான் கீழே போய் ஆன்ட்டியிடம் கேட்பேன். கேமராவைவிட அவருடைய அறிக்கைதான் எனக்கு முக்கியம். முடிவெடுக்கப் போகிறவர் அவர்.

"இன்னிக்கு எப்படி ஆன்ட்டி?"

"பரவால்ல. மிக்ஸிக்கு ஒண்ணும் சொல்லல. மோட்டருக்கு ஒரு வாட்டி கேட்டுச்சு. ஆனா குக்கரு விசிலு வந்தா மட்டும் உயிரே போற மாதிரி கத்துது."

குக்கர் விசில்தான் பெரிய சிக்கல். கீச்சென்ற சத்தம், திடீரென்று வரும், எங்கிருந்து என்றே தெரியாது. தேடல் நடுவில் இருந்தால்கூட விட்டுவிட்டு ஓடிக் குரைப்பாள். யோசித்துப் பார்த்ததில், விசிலே தேடலுக்கு அழைப்பாக ஆகிவிட்டால் என்ன என்று தோன்றியது. விசில் வந்த அடுத்த நொடி தரையில் தீனி சிதற வேண்டும். ஒவ்வொரு முறையும். அதற்கு விசில் எப்போது வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

தயங்கித் தயங்கி ஆன்ட்டியிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் சனிக்கிழமை காலை போன் வந்தது.

"குக்கர் வெச்சிட்டேன். பருப்பு. இப்ப வரும் பாரு."

போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையில் தீனியோடு ஹால் நடுவில் நின்றேன். விசில். தீனி சிதறியது. அவள் குரைக்க வாயைத் திறந்தவள், தரையைப் பார்த்தாள், வாயை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினாள். அன்றிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. நானோ அக்காவோ வீட்டில் இருக்கும் நேரங்களில் ஆன்ட்டியின் போன் வரும். "சாதம்." "உருளக்கெழங்கு." "கொண்டக்கடல, லேட்டாகும், நீ குளிச்சிட்டு வா." ஒரு ஞாயிறு மாலை போனில் அவர் குரலில் ஒரு வெட்கம் இருந்தது.

"சமையலெல்லாம் முடிஞ்சுடுச்சும்மா. வெறும் தண்ணி வெச்சிருக்கேன். உன் நாயிக்கு ப்ராக்டீஸ் விட்டுப்போவக் கூடாதுல்ல."

அக்கா இதைக் கேட்டு, "கேஸ் சிலிண்டர நாமதான் மாத்திக் குடுக்கணும்," என்றாள். ஆனால் அவளே அடுத்த முறை தீனி டப்பாவோடு தயாராக நின்றிருந்தாள். போகப்போக, விசில் கேட்டதும் நாயின் மூக்கு தானாகத் தரைக்குப் போனது. நாங்கள் ஒன்றும் போடாத நாளிலும் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் ஏற்கெனவே ஒளித்து வைத்த பெட்டிப் பக்கம் போய்விடுவாள்.

அந்த வாரங்களின் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நிறைவாக இருக்கிறது. சாப்பிட்டு முடித்து அவளைக் குளியலறையில் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். இந்தச் சொரசொர முடியை மெஷின் வைத்து வெட்டக் கூடாது. வெட்டினால் அடுத்து வளர்வது பஞ்சு மாதிரி வளரும். அழுக்கும் ஈரமும் தங்கும். முற்றி உதிரத் தயாராக இருக்கும் முடியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, வளரும் திசையிலேயே இழுத்தால் வலிக்காமல் வந்துவிடும். முதலில் பயந்து பயந்து இழுத்தேன். அவள் பாதியில் தூங்கிப்போனாள். பிறகு காதை மடித்து உள்ளே பார்க்க வேண்டும், கால்விரல்களுக்கு நடுவே உண்ணி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்த பெங்களூரில் புல்மேல் நடந்துவிட்டு வந்த நாயின் உடம்பில் உண்ணி இல்லாமல் இருந்தால் அது அதிசயம். ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டுவிடும். பல் தேய்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிடிக்காத பகுதி. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

ஆன்ட்டியின் மகள் வந்து சேர்ந்தாள். மைசூரிலிருந்து காரில் வந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, முதலில் கேட்டதே, "எங்க அந்த அலமாரி நாய்?" என்றுதான். விஷயம் மைசூர் வரை போயிருந்தது. மதியம் தூங்கினாள். எழுந்து, "நாய் வீட்டுல இல்லயா?" என்று கேட்டாளாம். ஆன்ட்டி அதை என்னிடம் சொன்னபோது முகத்தில் பெருமை இருந்தது. குக்கர் வைத்தவர் அவர்தானே.

எங்களுக்கு நிம்மதி வந்துவிடவில்லை. அடுத்து வரப்போகும் சத்தம் குக்கரைவிடக் கடினமானது. நாய் டாக்டரிடம் போனேன். அவர் அவளுடைய முழங்கால் மூட்டை அசைத்துப் பார்த்தார். இவ்வளவு குதிக்கிற இனத்துக்கு அங்கேதான் பிரச்சினை வரும் என்றார். பிறகு நான் குழந்தையைப் பற்றிக் கேட்டதும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"பிறந்த குழந்த கீச்சுன்னு அழும். டெரியருக்கு அது என்னவா கேக்கும்னு நமக்குத் தெரியாது. எலி மாதிரி கேக்கலாம். நல்ல நாய்தான். ஆனா நல்ல நாய்ன்னு நம்பி விட்டுடாதீங்க. எப்பவும் கயிறு, எப்பவும் நடுவுல பெரியவங்க ஒருத்தர். மொதல்ல வாசன பழகட்டும்."

குழந்தை பிறந்தது. பையன். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அங்கிள் நேராக மாடியேறி வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே குழந்தையைச் சுற்றிய துணி.

"ஆன்ட்டிக்குத் தெரியுமா அங்கிள்?" என்றேன்.

"அவதான் குடுத்தனுப்பினா. நீ கேக்கக் கூச்சப்படுவன்னு சொன்னா."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு துணியைத் தரையில் வைத்தேன். அவள் மூக்கு துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் போனது. பிறகு முன்னங்கால் உயர்ந்தது, மணல் தொட்டியில் உயரும் அதே கால். தோண்டப்போகிறாள். "வா," என்றேன். கால் அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தாள். வந்தாள். தீனி கொடுத்தேன். திரும்ப வைத்தேன், திரும்பக் கூப்பிட்டேன். குழந்தை வீட்டுக்கு வருவதற்குள் துணியை முகர்ந்துவிட்டு அவளே என்னிடம் திரும்பி வரத் தொடங்கியிருந்தாள். கால் உயரவில்லை.

அவர்கள் வந்த அன்று நான் லீவு போட்டிருந்தேன். மதியம் கீழே அழுகை எழுந்தது. மெல்லிய, உடைந்த, எனக்கே தூக்கிவாரிப்போடும் குரல். அவள் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்தாள். இரண்டு காதும் நிமிர்ந்தன. தொண்டைக்குள் பாதிக் குரைப்பு ஒன்று உருண்டது. தீனியைத் தரையில் சிதறவிட்டேன். அவள் வாசலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அழுகை இன்னும் ஒருமுறை உயர்ந்தது. மூக்கு கீழே இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துப் படிக்கட்டிலிருந்து ஆன்ட்டியின் குரல் கேட்டது. உரக்கப் பேசாமல், குழந்தை தூங்கும் வீட்டுக் குரலில். "பாதி கேட்டுச்சு."

"ஆமா ஆன்ட்டி. பாதிதான்."

"இருக்கட்டும். பாதி பரவால்ல."

அது நாய்க்கா எனக்கா என்று தெரியவில்லை. இருக்கட்டும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் பாதியும் வரவில்லை. மகள் ஒருநாள் படிக்குக் கீழே நின்று, "இவன் அழறப்பல்லாம் மேல டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருதே, என்னது?" என்று கேட்டாள். அவன் அழும்போது நாய் தேடுகிறாள், அது அவளுடைய நகம் தரையில் படும் சத்தம் என்றேன். "அப்ப நகத்த வெட்டி விடுங்க, நான் யாரோ டான்ஸ் கத்துக்கறாங்கன்னு நெனச்சேன்," என்றாள். நடக்கும்போது நகம் தரையில் தட்டினாலே வெட்டும் நேரம் வந்துவிட்டது என்று படித்திருந்தேன். நாள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தும் அது என் காதில் விழவே இல்லை. அன்றே வெட்டினேன்.

நேற்று அதே மகள்தான் கேட்டாள், நாயைக் கீழே கூட்டி வரலாமா என்று. ஆன்ட்டி உடனே சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நான் நடுவுல நிப்பேன். என்னத் தாண்டித்தான் எதுவும்," என்றார்.

நாளை காலை முயலப்போகிறோம். முதலில் ஏரிக்கரையில் முழுச் சுற்று. வந்ததும் பெட்டித் தேடல், மூக்கு களைக்கும் வரை. பையன் எண்ணெய்க் குளியல் முடிந்து தூங்கும் நேரத்தில் மகள் அவனை மடியில் வைத்துக்கொண்டு ஹாலின் அந்தக் கோடியில் உட்காருவாள். கீழ்வீட்டு வாசலின் கிரில் கேட் சாத்தியே இருக்கும். உள்பக்கம் ஆன்ட்டி. வெளியே படிக்கட்டில் அக்கா கயிற்றைப் பிடித்திருப்பாள், நான் பக்கத்தில். நாயின் காது நிமிர்ந்து உடம்பு விறைத்தால், ஒன்றும் சொல்லாமல் திரும்ப மேலே வந்துவிடுவோம். மூக்கு கீழே இறங்கினால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்போதும் மேலேதான் வருவோம். எனக்குக் கேட் வரை போய்விட ஆசை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் கடைசிப் படிக்கு இரண்டு படி மேலேயே நிற்பது என்று முடிவாகியிருக்கிறது.